திமிங்கலமும் இரட்டைத் தராசும்

ஜப்பானியர் திமிங்கல இறைச்சி உண்கின்றனர் என்பது வெறும் செய்தியன்று; கடந்த அரை நூற்றாண்டாக அஃது ஒரு குற்றச்சாட்டாகவே உலக மன்றத்தில் வாசிக்கப்பட்டு வருகிறது. குற்றம் சாட்டுவோர் வரிசையில் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் பிரிட்டனும் அமெரிக்காவும் நிற்கின்றன. எதிர்வரிசையில் நிற்கும் ஜப்பானோ, 'எங்கள் தட்டில் இன்னது இருக்கலாம், இன்னது இருக்கலாகாது என்று சொல்ல நீங்கள் யார்?' என்று கேட்கிறது. இவ்வழக்கில் நமக்கென்ன வேலை என்று வாசகர் வினவலாம். நம் கடற்கரைகளில் எவரும் திமிங்கல வேட்டைக்குப் புறப்படுவதில்லை. நம் அடுப்பங்கரைகளில் அதற்கொரு சட்டியும் இல்லை. ஆயினும் இவ்வழக்கில் நமக்கும் பங்குண்டு. ஒரு சமுதாயத்தின் உணவை மற்றொரு சமுதாயம் எந்த அளவுகோலால் அளந்து தீர்ப்பளிக்கலாம் என்பதே இதன் உட்பொருள். இக்கேள்விக்கு ஜப்பானின் வாசலில் சொல்லப்படும் விடை நாளை நம் வாசலுக்கும் வரும். சில நாடுகளில் வந்தும்விட்டது.

நாம் சொல்ல விழைவதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். திமிங்கலத்தை உண்பது குற்றமன்று. கணக்கில் பொய் சொல்வதும், செய்யும் தொழிலுக்குப் பொய்ப்பெயர் சூட்டுவதும், ஓர் இனமே அற்றுப்போகும் அளவுக்கு அழிப்பதுமே குற்றங்கள். இக்குற்றங்களில் ஜப்பானுக்குப் பங்கில்லை என்று நாம் வாதாட வரவில்லை. ஆனால் அதனைக் கூண்டில் ஏற்றியவர்களின் பங்கு அதனினும் பெரிது என்பதை மறைத்துவிட்டு நீதி பேசுவது நீதியாகாது.

மார்க்கம் வகுத்த எல்லை

கடலில் வேட்டையாடுவதும் கடல் தரும் உணவை உண்பதும் ஆகுமானவை என்பதைத் திருக்குர்ஆனின் அல்மாயிதா அத்தியாயம் தெளிவாக்கியுள்ளது. அதற்குச் செயல் விளக்கமாக அமைந்த நிகழ்ச்சியொன்றை புகாரி, முஸ்லிம் ஆகிய இரு ஹதீஸ் தொகுப்புகளும் பதிவு செய்துள்ளன. அபூ உபைதா இப்னுல் ஜர்ராஹ் (ரலி) அவர்களின் தலைமையில் 300 தோழர்கள் கடற்கரையோரமாக அனுப்பப்பட்டனர். கட்டுச்சோறாகக் கொண்டுசென்ற பேரீச்சம்பழம், ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பழம் என்ற நிலைக்குச் சுருங்கியது. அதுவும் தீர்ந்தபின் மரத்தின் இலைகளை உதிர்த்து உண்டனர். அவ்வேளையில் மணற்குன்றுபோல் கரையில் கிடந்தது 'அம்பர்' எனப்படும் மாபெரும் கடல்வாழ் உயிர். இது தானே செத்ததாயிற்றே என்று தலைவர் முதலில் தயங்கினார். பிறகு நிலைமையை எண்ணி அனுமதித்தார். பல நாட்கள் அதனை உண்டு அப்படையினர் உடல் தேறினர். அதன் விலா எலும்பை நிறுத்தி வைத்தபோது, ஒட்டகத்தின்மீது அமர்ந்த ஒருவர் அதன் அடியில் கடந்து செல்ல முடிந்தது. மதீனா திரும்பி இதனை எடுத்துரைத்தபோது, அஃது அல்லாஹ் வெளிப்படுத்தித் தந்த உணவு என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அருளியதோடு, எஞ்சியிருந்ததை வருவித்துத் தாமும் உண்டார்கள்.

இதற்கு இணையாக நாம் நினைவிற் கொள்ளத்தக்க வேறொரு நிகழ்ச்சியும் உண்டு. ஒருமுறை பெருமானார் (ஸல்) அவர்களின் முன் சுட்ட உடும்பிறைச்சி வைக்கப்பட்டது. அன்னார் அதனைத் தொடவில்லை. இது விலக்கப்பட்டதோ என்று காலித் இப்னு வலீத் (ரலி) அவர்கள் வினவினார்கள். விலக்கப்பட்டதன்று, தம் சமூகத்தார் வாழும் நிலத்தில் பழக்கமில்லாததால் தமக்கு மனம் ஒப்பவில்லை என்ற கருத்தில் மறுமொழி வந்தது. காலித் (ரலி) அவர்கள் அதனைத் தம் பக்கம் இழுத்து உண்டார்கள். பெருமானார் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். இந்தச் சிறு நிகழ்ச்சிக்குள் ஒரு பெரிய சட்டத் தத்துவம் அடங்கியுள்ளது. மனம் ஒப்பாமை வேறு, விலக்கு வேறு. உலகத்துக்கே வழிகாட்ட வந்த ஒருவர்கூடத் தம் நாவின் ஒவ்வாமையைப் பிறர்மீது சட்டமாக ஏற்றவில்லை. அவ்வாறிருக்க, லண்டன் மாநகரத்தாரின் ஒவ்வாமை ஜப்பானிய மீனவனுக்கு எப்படிச் சட்டமாகும்?

நமக்குள்ளேயே இதற்கொரு நடைமுறை உண்டு. கடல்வாழ் உயிர்களைப் பெரிதும் தாராளமாக அனுமதிப்பது ஷாஃபி மத்ஹப். மீன் என்று பெயர் பெற்றதை மட்டுமே அனுமதிப்பது ஹனஃபி மத்ஹப். இறால் மீனா அன்றா என்பதிலேயே ஹனஃபி அறிஞர்கள் கருத்து வேறுபட்டுள்ளனர். கடலோர ஊரிலிருந்து உள்நாட்டு ஊருக்குச் சம்பந்தம் செய்துகொண்ட குடும்பங்களில், ஒரே விரிப்பில் அமர்ந்து ஒருவர் உண்பதை மற்றவர் ஒதுக்கி வைப்பதுண்டு. அதற்காக எவரும் எவரையும் காட்டுமிராண்டி என்று ஏசியதில்லை. 

ஆகுமானது என்பதால் அளவற்றது என்றும் பொருளாகாது. வீண்விரயம் செய்வோர் ஷைத்தானின் சோதரர் என்று இறைமறை எச்சரிக்கிறது. காரணமின்றிக் கொல்லப்பட்ட சிட்டுக்குருவியும் மறுமையில் முறையிடும் என்ற கருத்தில் ஹதீஸ் வந்துள்ளது. அறுக்கும்போது கத்தியைக் கூர்மையாக்கி உயிருக்கு நோவைக் குறைக்க வேண்டும் என்பது நமக்கிடப்பட்ட கட்டளை. ஆக, உண்ணலாமா என்ற கேள்வியோடு நம் மார்க்கம் நின்றுவிடவில்லை. எவ்வளவு, எவ்வாறு, எந்த எண்ணத்தோடு என்றும் கேட்கிறது. திமிங்கல வழக்கைத் தீர்க்க இக்கேள்விகளே போதும். இவற்றை இருசாராரிடமும் ஒருசேரக் கேட்க வேண்டும் என்பதே நம் வாதம்.

கடலை வெறுமையாக்கியவர் யார்?

1853ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெர்ரி போர்க்கப்பல்களுடன் ஜப்பானியக் கரைக்கு வந்து, பூட்டிக் கிடந்த அந்நாட்டின் கதவைத் தட்டினார். அவர் கொண்டுவந்த அமெரிக்க ஜனாதிபதியின் கடிதம் என்ன சொல்லிற்று? ஜப்பானை அடுத்த கடலில் தம் மக்கள் ஏராளமானோர் திமிங்கல வேட்டையில் ஈடுபட்டிருப்பதை அது குறிப்பிட்டது. அமெரிக்கக் கப்பல்களுக்கு நிலக்கரியும் உணவும் நீரும், கரையில் சிதைந்தவர்களுக்கு நல்ல பராமரிப்பும் வேண்டியது. திமிங்கல வேட்டைக்காரரின் நலனும் சேர்ந்தே ஜப்பானின் கதவைத் திறந்தது. 1854இல் ஷிமோடா, ஹாகோடாடே துறைமுகங்கள் அமெரிக்கருக்குத் திறந்துவிடப்பட்டன. அந்த வேட்டைக்காரர்கள் இறைச்சிக்காக வந்தவர்களல்லர். கொழுப்பை உரித்துக் கப்பலிலேயே காய்ச்சி எண்ணெயெடுத்து, வாய்த்தகடுகளைச் சீமாட்டிகளின் இடைக்கச்சைக்கு வெட்டிக்கொண்டு, எஞ்சிய உடலைக் கடலில் தள்ளிவிட்டுச் சென்றனர். 

இருபதாம் நூற்றாண்டில் இத்தொழில் தென்துருவக் கடலுக்குச் சென்றது. நார்வே நாட்டு ஸ்வென் ஃபோயின் உருவாக்கிய வெடியீட்டியும் நீராவிப் படகும் கைகொடுக்க, 1904இல் தென் ஜார்ஜியாத் தீவின் கிரிட்விக்கனில் எண்ணெய் ஆலை எழுந்தது. திமிங்கல எண்ணெய் ஐரோப்பியரின் சவர்க்காரமாயிற்று, செயற்கை வெண்ணெயாயிற்று, முதல் உலகப்போரில் வெடிமருந்துக்கும் பயன்பட்டது. 1930-31ஆம் ஆண்டின் வேட்டைப் பருவம் ஒன்றில் மட்டும் அக்கடலில் ஏறத்தாழ 29,000 நீலத் திமிங்கலங்கள் கொல்லப்பட்டன. அவ்வாண்டு அங்கே சென்ற 40க்கு மேற்பட்ட தாய்க்கப்பல்களுள் பெரும்பாலானவை நார்வேக்கும் பிரிட்டனுக்கும் உரியவை. ஜப்பானியக் கப்பல் ஒன்றுகூட அன்று அங்கில்லை. அந்நாடு தென்துருவ வேட்டைக்குச் சென்றதே 1934இல்தான்.

நாடுகள் கூடி 1946இல் வாஷிங்டனில் உடன்படிக்கை செய்து, சர்வதேசத் திமிங்கல வேட்டை ஆணையத்துக்கு வழிகோலின. அந்த ஆணையம் எதைக்கொண்டு வேட்டையை அளந்தது தெரியுமா? ஒரு நீலத் திமிங்கலம் இரண்டு துடுப்புத் திமிங்கலத்துக்குச் சமம். இரண்டரைக் கூன்முதுகுத் திமிங்கலத்துக்குச் சமம். ஆறு ஸெய் திமிங்கலத்துக்குச் சமம். கிடைக்கும் எண்ணெயை வைத்தே இந்தக் கணக்கு. அருகிவரும் இனம் எது, பெருகியிருக்கும் இனம் எது என்று வேறுபடுத்தாத இந்த அளவை 1972 வரை நடைமுறையில் இருந்தது. ஒரு காலத்தில் தென்கடலில் 2 இலட்சத்துக்கு மேல் இருந்ததாகக் கணிக்கப்படும் நீலத் திமிங்கலங்கள், 1970களின் தொடக்கத்தில் சில நூறாகக் குன்றியிருந்தன. சோவியத் கப்பல்களோ தாம் கொன்றவற்றுள் ஏறத்தாழ 1,80,000 திமிங்கலங்களைக் கணக்கிலேயே காட்டவில்லை என்பது, அந்த அரசு கவிழ்ந்தபின் அந்நாட்டு விஞ்ஞானிகளின் வாயிலாகவே வெளியாயிற்று. இருபதாம் நூற்றாண்டில் உலகெங்கும் கொல்லப்பட்ட பெருந்திமிங்கலங்கள் ஏறத்தாழ 29 இலட்சம் என்பது ஆய்வாளர் கணிப்பு.

'தவறு செய்தவன் திருந்தி, பிறனைத் தடுத்தல் கூடாதோ?' என்று சிலர் கேட்பர். கூடும், தவ்பாவின் வாசல் எவருக்கும் அடைபடவில்லை. ஆனால் தவ்பாவுக்கு நிபந்தனைகள் உண்டு. செய்ததை ஒப்புக்கொள்ள வேண்டும்; மனம் வருந்த வேண்டும்; பறித்ததை ஈடுசெய்ய வேண்டும். பிரிட்டனும் நெதர்லாந்தும் 1960களில் இத்தொழிலைக் கைவிட்டது கருணையினாலா? கடலில் திமிங்கலம் அருகியது, பெட்ரோலியமும் தாவர எண்ணெயும் மலிந்தன, இலாபம் குன்றியது. அப்போதும் தங்கள் கப்பல்களையும் பங்களவையும் சும்மா விடவில்லை. ஜப்பானிய நிறுவனங்களுக்கே விற்றுக் காசாக்கினர். ஜப்பானை வழக்கு மன்றத்துக்கு இழுத்த ஆஸ்திரேலியாவின் கடைசி வேட்டைத் தளம், அல்பனி நகரில் 1978 வரை இயங்கியது. தேவை தீர்ந்தபின் விடுவதற்குத் துறவு என்று பெயரன்று.

தடை வந்தபின்னரும் தராசு நேராகவில்லை. அலாஸ்காவின் பழங்குடி மக்களுக்குப் பெருந்தலைத் திமிங்கலத்தை வேட்டையாட அமெரிக்கா ஆணையத்தில் அனுமதி பெற்றுத் தருகிறது. அம்மக்களின் உரிமையை நாம் குறைகூறவில்லை. ஆனால் ஜப்பானின் அபாஷிரி, அயுகாவா, வாடா, தாய்ஜி ஆகிய நான்கு கடலோர ஊர்களுக்கு 50 மிங்கித் திமிங்கலம் வேண்டும் என்ற கோரிக்கை 1988 முதல் மீண்டும் மீண்டும் நிராகரிக்கப்பட்டது. 1993இல் வணிக வேட்டையை மீண்டும் தொடங்கிய நார்வே, 2019க்குப் பிந்தைய ஆண்டுகளில் ஜப்பானைவிட அதிகமான திமிங்கலங்களைக் கொன்றுள்ளது. ஆனால் 'நாகரிகமற்றவர்' என்ற ஏச்சு நார்வேக்காரர்மீது விழுவதைவிட ஜப்பானியர்மீது எளிதில் விழுகிறது. தாம் அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கி, பிறருக்கு அளந்து கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்போரைப் பற்றி ஓர் அத்தியாயத்தையே இறைவன் இறக்கியருளினான். அந்த எச்சரிக்கை அங்காடித் தராசுக்கு மட்டும் உரியதன்று.

பெயரை மாற்றினால் செயல் மாறுமா?

இனி ஜப்பானிய அரசின் முறை. அந்நாட்டு மக்களின் பழைய வழக்கத்தை நாம் மதிக்கிறோம். தாய்ஜியில் 1606ஆம் ஆண்டு முதலே மீனவர் குழுக்கள் அமைத்து வேட்டையாடி வந்தனர். 1878இல் தாயும் கன்றுமாய் வந்த ஒரு திமிங்கலத்தைத் தொடர்ந்து சென்ற நூற்றுக்கு மேற்பட்டோர் புயலில் மாண்டனர். இறைச்சி, கொழுப்பு, எலும்பு, தகடு என எதையும் அவர்கள் வீணாக்கியதில்லை. பாவைக்கூத்துப் பொம்மையின் விற்சுருளுக்குக்கூடத் திமிங்கலத் தகடு பயன்பட்டது. நாகாத்தோ அருகிலுள்ள கயோயில், வேட்டையாடிய தாயின் வயிற்றில் கிடந்த குட்டிகளைப் புதைத்த கல்லறை 1692 முதல் நிற்கிறது. அவர்களின் சமயம் வேறு, நம் மார்க்கம் வேறு. எனினும் கொன்ற உயிருக்காக ஒரு கல்லை நட்டு வருந்தத் தெரிந்த மக்களைக் காட்டுமிராண்டிகள் என்பது அறியாமை.

ஆனால் இந்தப் பழமையைக் காட்டித் தென்துருவ வேட்டையை நியாயப்படுத்தியதில்தான் வஞ்சனை தொடங்குகிறது. தென்துருவத்துக்குத் தாய்க்கப்பல் ஓட்டியது முன்னோர் வழக்கமன்று. நார்வேயிடம் கற்ற நவீனத் தொழில். அந்நவீன ஆலை தங்கள் கடலை மாசுபடுத்தி மீனை விரட்டுகிறது என்று சினந்து, 1911இல் ஹாசினோஹே மீனவர்கள் ஆலையைத் தீயிட்டுக் கொளுத்தியதும் அந்நாட்டு வரலாறே. திமிங்கலம் நாடு முழுதுக்கும் உணவானது போருக்குப் பின்னர்தான். பட்டினியால் வாடிய நாட்டுக்கு உணவு தேட, 1946இல் அமெரிக்கத் தளபதி மெக்காதரே தென்துருவ வேட்டைக்கு அனுமதி அளித்தார். பள்ளிச் சிறுவரின் மதிய உணவில் திமிங்கல வறுவல் இடம்பெற்றது. பட்டினிக் காலத்தில் உண்டதை நாம் குறைகூறோம்; இலை தின்ற படைக்கு அம்பர் கிடைத்த வரலாற்றை உடையவர்கள் நாம். ஆனால் 1962இல் 2 இலட்சத்து 30 ஆயிரம் டன் என்ற உச்சத்தைத் தொட்ட அந்த நுகர்வு, அண்மை ஆண்டுகளில் ஏறத்தாழ 2,000 டன்னாகக் குறைந்துவிட்டது. ஆளுக்கு ஆண்டுக்கு 20 கிராம்கூட வராது. இதனை ஓர் இனத்தின் உயிர்நாடி என்று முழங்குவது அரசியல், பசியன்று.

1982இல் ஆணையம் வணிக வேட்டைக்குத் தடை விதித்தது. 1986 முதல் அது நடைமுறைக்கு வந்தது. முதலில் எதிர்ப்புத் தெரிவித்த ஜப்பான், அமெரிக்காவின் நெருக்குதலால் அதனைத் திரும்பப் பெற்றது. ஆனால் 1987 முதலே 'விஞ்ஞான ஆய்வு' என்ற பெயரில் தென்கடலில் வேட்டை தொடர்ந்தது. உடன்படிக்கையின் எட்டாம் விதி ஆய்வுக்காகக் கொல்ல அனுமதிக்கிறது. கொன்றதை வீணாக்கலாகாது என்றும் சொல்கிறது. எனவே இறைச்சியை விற்றதில் விதிமீறல் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கேள்வி வேறு: ஆய்வுக்காகக் கொன்றனரா, கொல்வதற்காக ஆய்வு செய்தனரா? ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றம் 2014 மார்ச் 31ஆம் நாள் 12க்கு 4 என்ற பெரும்பான்மையில் இதற்கு விடையளித்தது. 2005 முதல் நடந்த அத்திட்டத்தில் ஏறத்தாழ 3,600 மிங்கித் திமிங்கலங்கள் கொல்லப்பட்டிருக்க, ஜப்பானால் சுட்டிக்காட்ட முடிந்த அறிஞர் ஏற்புப் பெற்ற கட்டுரைகள் இரண்டே இரண்டு. விஞ்ஞான ஆய்வின் பொருட்டு வழங்கப்பட்ட அனுமதிகளல்ல இவை என்று நீதிமன்றம் தீர்த்தது. அதன்பின்னும், ஆண்டுக்கு 333 என்று எண்ணைக் குறைத்து, புதிய பெயரோடு கப்பல்கள் புறப்பட்டன.

சனிக்கிழமையில் மீன்பிடிக்கத் தடைவிதிக்கப்பட்ட கடலோர ஊராரின் வரலாற்றை நம் பிள்ளைகளும் அறிவர். அன்றைய நாளில் மீன்கள் நீர்மட்டத்தில் திரண்டு வந்து அவர்களைச் சோதித்தன. வெளிப்படையாகத் தடையை மீற அஞ்சிய அவர்கள், முந்திய நாளே வலையும் குழியும் அமைத்து மறுநாள் அள்ளிக்கொண்டனர் என்று விரிவுரையாளர்கள் விளக்குவர். வாதத்தில் அவர்கள் வென்றார்கள். இறைவனின் முன் தோற்றார்கள். மீனை உண்டதற்காக அவர்கள் தண்டிக்கப்படவில்லை. தந்திரத்தால் கட்டளையை ஏய்த்ததற்காகவே தண்டிக்கப்பட்டார்கள். 'ஆய்வு' என்று கப்பலின் பக்கவாட்டில் எழுதி வேட்டைக்குப் போனதும் இதே ஏய்ப்பு.

இந்த ஏய்ப்பைக் காக்க எவ்வளவு பொதுப்பணம் கரைந்தது! 2011 மார்ச்சில் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் ஜப்பானின் வடகிழக்குக் கரையை அழித்தன. ஏறத்தாழ 20,000 பேர் மாண்டும் காணாமற்போயும் இருந்தனர். அவ்வாண்டு மறுசீரமைப்புக்கென ஒதுக்கிய நிதியிலிருந்து 228 கோடி யென் திமிங்கல வேட்டைத் திட்டத்துக்குத் திருப்பப்பட்டது. வேட்டைத் தொழிலைச் சார்ந்த கடலோர ஊர்களுக்கும் இது உதவியே என்று காரணம் கூறினர். வீடிழந்தவனின் பெயரால் வந்த பணத்தை வேட்டைக் கப்பலின் பக்கம் திருப்புவதை எந்த வழக்கறிஞர் நியாயப்படுத்தினாலும் மனச்சான்று ஏற்காது.

2018 டிசம்பரில் ஜப்பான் ஆணையத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது. 2019 ஜூலை முதல் தென்துருவத்தை விட்டுத் தன் சொந்தக் கடல் எல்லைக்குள் வெளிப்படையாக வணிக வேட்டையைத் தொடங்கியது. பலர் இதனைத் தூற்றினர். நம் பார்வையில், அந்நாடு முப்பது ஆண்டுகளாக அணிந்திருந்த முகமூடியைக் கழற்றியது இந்த ஒரு செயலில்தான். வணிகத்தை வணிகம் என்று சொன்னபின், எண்ணிக்கையைக் காட்டு என்று கேட்க நமக்கு உரிமை பிறக்கிறது. மிங்கித் திமிங்கலம் ஏராளம். தென்துருவக் கடலில் மட்டும் 5 இலட்சத்துக்கு மேல் உள்ளதாக ஆணையத்தின் விஞ்ஞானிகளே மதிப்பிட்டுள்ளனர். ஆனால் ஸெய் திமிங்கலம் அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலில் உள்ளது, அதையும் கொல்கின்றனர். 2024இல் துடுப்புத் திமிங்கலத்தையும் வேட்டைப் பட்டியலில் சேர்த்து, 59 என்று பங்களவு வகுத்தனர். மிங்கியைக் காட்டி இவற்றுக்கும் நியாயம் தேடுவது மீண்டும் பழைய எண்ணெய்க் கணக்கே.

ஹலால் என்பதோடு 'தய்யிப்', அதாவது தூயதும் நலந்தருவதும் என்ற சொல்லையும் இறைமறை இணைத்தே கூறுகிறது. தாய்ஜி மக்கள் உண்ணும் டால்பின், சிறு திமிங்கலம் முதலிய பல்லுடைய இனங்களில் பாதரசம் மிகுதி. மினமாட்டா நோய்க்கான தேசிய ஆய்வுக்கூடம் 2010இல் வெளியிட்ட ஆய்வு, தாய்ஜி மக்களின் தலைமுடியில் நாட்டின் பிற பகுதியினரைவிடப் பாதரசம் மிகுந்திருப்பதைக் காட்டியது. மினமாட்டாவில் ஆலைக்கழிவுப் பாதரசம் மீன்வழி மனிதரை முடமாக்கிய கொடுமையைக் கண்ட நாடு அது. மரபின் பெயரால் பிள்ளையின் தட்டில் நஞ்சைப் பரிமாற எந்த மரபுக்கும் அதிகாரமில்லை.

நம் வாசலில் நிற்கும் கேள்வி

இவ்வழக்கு நமக்கு ஏன் அயலதன்று என்பதை இப்போது சொல்லலாம். மயக்கமூட்டாமல் அறுப்பதைச் சுவிட்சர்லாந்து 1893இலேயே தடைசெய்தது. நார்வே 1929இல் அத்தகைய சட்டம் இயற்றியது. தேதியை உற்று நோக்குங்கள். கத்தியால் ஒரு கணத்தில் கழுத்தை அறுப்பது கொடுமை என்று சட்டம் எழுதிய அதே நாட்டின் கப்பல்கள், அடுத்த ஆண்டே தென்கடலில் வெடியீட்டி பாய்ச்சி ஆயிரமாயிரம் நீலத் திமிங்கலங்களைத் துடிக்கத் துடிக்கக் கொன்று எண்ணெய் வடித்தன! 2019இல் பெல்ஜியத்தின் இரு மாநிலங்களில் இத்தகைய தடை நடைமுறைக்கு வந்தது. 2024இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் அது செல்லும் என்றது. நம் நாட்டிலோ, பாத்திரத்தில் என்ன இறைச்சி இருக்கிறது என்ற ஐயம் ஒன்றே மனித உயிரைக் குடித்த கொடுமைகளை நாம் கண்டுள்ளோம். ஒருவனின் அருவருப்பு மற்றவனுக்குச் சட்டமாகும்போது அதன் முடிவு எங்கே என்பதை நமக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

ஆனால் நம் உரிமையைப் பேசும் நாவுக்கு இரு கடமைகள் உண்டு. உயிரின் நோவைப் பற்றிய கேள்வி எவர் வாயிலிருந்து வந்தாலும் அது நியாயமான கேள்வி. கத்தியை உயிரின் கண்ணெதிரே தீட்டாதே, ஒன்றின் முன் மற்றொன்றை அறுக்காதே என்று நமக்குச் சொல்லப்பட்டுள்ளது. அறுப்புக் கூடங்களிலும் குர்பானி நாளிலும் அந்தக் கருணை காப்பாற்றப்படுகிறதா என்று முதலில் கேட்க வேண்டியவர்கள் நாமே. இரண்டாவது, சீனரையும் ஜப்பானியரையும் எதையும் விழுங்குவோர் என்று எள்ளி நகையாடும் வழக்கம் நம்மவர் சிலரிடமும் உண்டு. நம் தட்டை நோக்கி வரும் ஏளனத்தைக் கண்டிப்போர், பிறர் தட்டை நோக்கி ஏளனம் வீசலாகாது.

ஒரு சமூகத்தின்மீதுள்ள வெறுப்பு நம்மை நீதியிலிருந்து பிறழச் செய்துவிடலாகாது என்பதும் அல்மாயிதா அத்தியாயத்தின் போதனையே. கடல் உணவை அனுமதித்த அதே அத்தியாயம்தான் நீதியையும் வலியுறுத்துகிறது. ஆகவே திமிங்கலத்தை உண்பவனைப் பழிக்கும் குரலோடு நாம் சேரோம். பொய்ப்பெயரில் வேட்டையாடிய அரசுக்கும் வக்காலத்து வாங்கோம். எந்த இனம் எத்தனை உள்ளது, அதனை எவ்வளவு நோவோடு கொல்கிறாய், சொல்லும் கணக்கு உண்மையா என்று டோக்கியோவிடம் கேட்போம், ஒஸ்லோவிடமும் கேட்போம், இழுவலையால் கடலடியைத் துடைத்தெடுக்கும் எல்லாக் கரைகளிடமும் கேட்போம். தராசை நேராகப் பிடிக்கும் நெஞ்சுரத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக!